பட்டறைப் பதில்கள்: சிலிண்டர் போரைத் தொடுவதற்கு முன்

இந்த மாதம் ஒரே கடிதத்துக்குப் பாதிக்கு மேல் இடம் கொடுத்திருக்கிறேன். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி பணத்தைத் தொலைக்கிற இடம் அதில் இருக்கிறது. மற்ற மூன்று கேள்விகளும் அதே வழியில் வந்தவைதான்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வாசகர்: ஐயா, வணக்கம். அப்பா 1983-இல் வாங்கிய யெஸ்டி ரோட்கிங் என்னிடம் இருக்கிறது. அவர் போனபிறகு ஏழு வருடம் திண்ணையோரம் தார்ப்பாய் மூடி நின்றது. போன வருடம் இன்ஜின் வேலை பார்த்தேன். பில்லை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. காலையில் கடலூருக்குக் கிளம்பினால் தவளக்குப்பம் வரை நன்றாகப் போகிறது. கிருமாம்பாக்கம் தாண்டியதும் இழுவை குறைகிறது. ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினாலும் ஐம்பதைத் தாண்டவில்லை. முள்ளோடை வரும்போது சில நாள் நாற்பதுகூட வருவதில்லை. பத்து நிமிடம் நிழலில் நிறுத்தினால் மறுபடி சரியாகிவிடுகிறது. சூடானபிறகு நியூட்ரலில் விட்டால் இன்ஜின் தானாகவே வேகமாக ஓடுகிறது. இடது சைலன்சரில் புகை வருகிறது, வலதில் அவ்வளவாக இல்லை. மெக்கானிக் மறுபடி போர் போட வேண்டும், அதாவது சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும் என்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம் தம்பி. இப்போதைக்கு ஹெட் நட்டில் ஸ்பேனரையே வைக்க வேண்டாம்.

உங்கள் பில்லை இரண்டு முறை படித்தேன். ரீபோர், ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங் செட், பிஸ்டன் பின், ஹெட் கேஸ்கெட், கிளட்ச் பிளேட், பாயிண்ட், கண்டென்சர், பிளக் எல்லாம் இருக்கிறது. கிராங்க் ஆயில் சீல் என்று ஒரு வரி இல்லை. சைலன்சர் சுத்தம் செய்த கூலியும் இல்லை. ஏழு வருடம் கடற்காற்றில் நின்ற வண்டிக்கு முதலில் பார்த்திருக்க வேண்டிய இரண்டும் விட்டுப்போயிருக்கின்றன. போன வருடம் போட்ட போர், ஒரு வருட ஓட்டத்தில் இப்படித் தேயாது. தேய்ந்திருந்தாலும் காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகாது, தவளக்குப்பம் வரை நன்றாகவும் ஓடாது. போர் தேய்ந்த வண்டி குளிர்ந்திருக்கும்போதும் சோர்ந்துதான் இருக்கும். உங்கள் வண்டிக்குச் சூடானால் மட்டும் வருகிற நோய்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் கேஸ், அதாவது பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழல்கிற அறை, வெறும் உலோகக் கூடு இல்லை. அதுதான் பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, கார்பரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைக் கிராங்க் கேஸுக்குள் இழுக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டு டிரான்ஸ்பர் போர்ட் வழியாகச் சிலிண்டருக்கு ஏறுகிறது. ஆக, இன்ஜினின் மூச்சு முழுக்க அந்தக் கூட்டின் வழியாகத்தான். கூட்டிலிருந்து கிராங்க் தண்டு வெளியே வருகிற இரண்டு பக்கத்திலும் ஆளுக்கொரு ரப்பர் சீல். சைக்கிள் பம்பின் வாஷர் காய்ந்துபோனால் எவ்வளவு அடித்தாலும் டியூபில் காற்று ஏறாது, பார்த்திருப்பீர்கள். சீல் போன இன்ஜினும் அப்படித்தான்.

இரண்டு சீலும் ஒரே மாதிரி அடையாளம் காட்டாது. யெஸ்டியில் இடது பக்கம் கிளட்ச். அந்தப் பக்கத்துச் சீல் போனால் கிளட்ச் பக்கத்து ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கும். வெள்ளைப் புகை மண்டும், பிளக் நனைந்து கறுத்துப்போகும், ஆயில் அளவு மாதாமாதம் குறையும், தரையில் ஒரு சொட்டும் விழுந்திருக்காது. வலது பக்கம் டைனமோ. அங்கே ஆயில் கிடையாது, காற்றுதான் இருக்கிறது. அந்தச் சீல் போனால் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்து கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை அதிகச் சூட்டில் எரியும். சூடு ஏற ஏற, காய்ந்த சீலின் உதடு தண்டைவிட்டு இன்னும் விலகும். இன்ஜின் தானாக வேகம் எடுக்கும், ஆனால் பாரத்தில் இழுக்காது. நீங்கள் எழுதியிருப்பது கிட்டத்தட்ட இதையேதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1994-இல் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பட்டறையில் வேலையில் இருந்தேன். பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவர் யெஸ்டி கொண்டுவந்தார். சூடானால் ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் திருகாமல் நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற வேகம்) ஏறுகிறது என்றார். நான் ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்து வைத்து, கேபிளுக்கு ஆயில் விட்டு அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் பாலூர் அருகே ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அப்படியே பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் பூட்டிப்போய் வண்டி இழுத்துக்கொண்டு போனது. பின்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் முழங்கையில் தோல் போயிருந்தது, பெரிய காயமில்லை. பிஸ்டனை வெளியே எடுத்தபோது வலது பக்கம் அலுமினியம் உருகித் தேய்ந்து, போர் சுவரில் கோடுகோடாக ஒட்டியிருந்தது. டைனமோவைக் கழற்றிப் பார்த்தேன். சீலின் உதட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு. அன்றிலிருந்து "சூடானால் ஐடிலிங் ஏறுகிறது" என்று யார் சொன்னாலும் நான் ஸ்க்ரூவைத் தொடுவதில்லை. சீல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் மற்றது.

அதனால் தம்பி, சரிபார்க்கும்வரை கடலூருக்கு இந்த வண்டியில் போக வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லிவர் மேல் இருக்கட்டும். இன்ஜின் சத்தம் திடீரென்று இறுகினால் அந்த நொடியே கிளட்சைப் பிடித்துவிடுங்கள்.

சீல் கசிவதைத் தெரிந்துகொள்ள இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. எங்கள் பட்டறையில் அதற்கு ஒரு பழைய பி.பி. மிஷின் இருக்கிறது, டாக்டர் கையில் சுற்றி அழுத்துவாரே அதுதான். கைப்பட்டையைக் கழற்றிவிட்டு, பல்பும் முள் மீட்டரும் மட்டும் வைத்துக்கொண்டோம். உபயோகம் தீர்ந்த பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் நடுவில் செம்புக் குழாயைப் பற்றவைத்து, டியூபை அதில் மாட்டினோம். இரண்டு சைலன்சர் பைப்பையும் கழற்றிவிட்டு, எக்ஸாஸ்ட் வாய்களைச் சைக்கிள் டியூப் ரப்பரும் தகடும் வைத்து இறுக்க வேண்டும். கார்பரேட்டரைக் கழற்றி அந்த வாயையும் அப்படியே அடைக்க வேண்டும். பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்தி, பிளக் ஓட்டையில் செம்புக் குழாய் பிளக்கை மாட்டி, பல்பை மெதுவாக அமுக்கினால் முள் ஏறும். 300 வரை ஏற்றுங்கள். பாதரசக் கணக்கில் 300 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் போக வேண்டாம், சீலே பிதுங்கிவிடும்.

அப்புறம் கையை எடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். நல்ல இன்ஜினில் முள் சில நிமிடம் அப்படியே நிற்கும், அல்லது நிமிடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். 300-லிருந்து 250-க்கு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது. சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு முதலில் நீங்கள் அடைத்த இடங்களில் தடவுங்கள், நிறைய நேரம் கசிவு அங்கேதான் இருக்கும். பிறகு சிலிண்டர் அடி கேஸ்கெட், கேஸ் இணைகிற கோடு, கடைசியாக டைனமோவைக் கழற்றித் தண்டைச் சுற்றி. குமிழி வருகிற இடம் பொய் சொல்லாது. இடது சீல் என்றால் ஆயில் ஊற்றும் ஓட்டையில் காதை வைத்தாலே மெல்லிய சீறல் கேட்கும்.

கார்பரேட்டர் இன்ஜினோடு சேருகிற ஃபிளாஞ்சும் இதேபோல் கெடுதல் செய்யும். அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கி ஃபிளாஞ்ச் வில்லாக வளைந்திருக்கும். கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளை வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தினால் போதும். அதேபோல் ஆக்சிலேட்டரை விட்டதும், கார்பரேட்டருக்குள் காற்றுவழியைத் திறந்து மூடுகிற ஸ்லைடு முழுசாகக் கீழே இறங்குகிறதா, திருகினால் முழுசாக மேலே ஏறுகிறதா என்று ஃபில்டர் பக்கத்திலிருந்து விரலை விட்டுப் பாருங்கள். கேபிள் நீண்டுபோய் ஸ்லைடு முக்கால்வாசிதான் திறக்கிற வண்டிக்குப் போர் போட்ட கதை எனக்குத் தெரியும்.

இனி உங்கள் வலது சைலன்சர். யெஸ்டிக்கு ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு எக்ஸாஸ்ட் வாய், இரண்டு சைலன்சர். ஒன்று அடைத்தாலும் இன்னொன்று வழியாகப் புகை போய்விடுவதால் வண்டி நிற்காது. அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு சைலன்சர் வாலுக்கும் ஒரு சாண் பின்னால் புறங்கையைக் காட்டுங்கள். உள்ளங்கை வேண்டாம், காய்ப்பு ஏறிய உள்ளங்கைக்கு நுணுக்கம் தெரியாது. இடது பக்கம் கோழிக்குஞ்சு நெஞ்சு துடிக்கிற மாதிரி தனித்தனியாகப் படபடவென்று அடிக்கும். வலது பக்கம் அதே துடிப்பு அதே பலத்தில் இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் அங்கே வெறும் வெதுவெதுப்பான காற்றுதான் வரும் என்று நினைக்கிறேன்.

பெட்ரோலோடு சேர்ந்து எரிகிற ஆயில் கரியாகப் படிந்து எக்ஸாஸ்ட் வாயையும் சைலன்சருக்குள் செருகியிருக்கிற பேஃபிள் குழாயின் துளைகளையும் அடைத்துவிடும். ஏழு வருடம் நின்ற வண்டி என்பதால் இன்னொன்றையும் எதிர்பாருங்கள்: குளவிக்கூடு. போன ஐப்பசியில் மஞ்சக்குப்பத்தில் ஒரு வண்டியின் பேஃபிளை இழுத்தேன். கரியோடு சேர்ந்து, சுட்ட செங்கல் மாதிரி இறுகிய மண் கட்டி மூன்று உதிர்ந்தன. ஒன்றுக்குள் காய்ந்த புழுக்கூடுகூட அப்படியே இருந்தது.

பேஃபிளை வெளியே இழுத்துக் காஸ்டிக் சோடா கரைசலில் ஓர் இரவு ஊறவையுங்கள். இரும்புக்கு மட்டும்தான் இது. அலுமினியம் பட்டால் பொங்கி அரித்துவிடும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பிள்ளைகள், நாய் வருகிற இடத்தில் வாளியை வைக்காதீர்கள். சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாயைச் சுரண்ட ஸ்க்ரூ டிரைவர் கூடாது. பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, மூங்கிலைப் பட்டையாகச் சீவி, அதன் முனையால் சுரண்டுங்கள். கரி செதிலாகப் பெயர்ந்து வரும். மூங்கில் முனை மழுங்கினால் இன்னொரு சீவல். பிஸ்டன் தலையில் ஒரு கீறல் விழாது. சுரண்டி முடித்ததும் விழுந்த கரியைக் காற்றடித்து வெளியே எடுத்துவிடுங்கள்.

சிலர் பேஃபிளே வேண்டாம் என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். சத்தம் பெரிதாக இருப்பதால் வேகமாகப் போகிற மாதிரி தோன்றும், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக் சைலன்சர் வெறும் சத்தம் குறைக்கிற குழாய் இல்லை. எரிந்த புகை வெளியேறும்போது உண்டாகிற அழுத்த அலை, சைலன்சருக்குள் மோதித் திரும்பி வந்து, புகையோடு சேர்ந்து வெளியே ஓடப் பார்க்கிற புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும். பேஃபிள் இல்லாவிட்டால் அந்தக் கணக்கு கெட்டு, காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் எரியாமலே ரோட்டில் போகும்.

சீலும் சைலன்சரும் சரியாக இருந்தும் கிருமாம்பாக்கத்தில் நோய் வந்தால் அடுத்து பெட்ரோல். டேங்க் மூடியில் காற்று போக ஊசித் துளை ஒன்று உண்டு. அதில் அழுக்கு அடைத்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி இறக்கம் நின்றுவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இழுவை குறைந்து, நிறுத்தி வைத்தால் சரியாவது இதற்கும் பொருந்தும். இழுவை குறைந்த இடத்திலேயே ஓரங்கட்டி மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் விடை கிடைத்துவிட்டது. டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற குழாய், அதாவது பெட்ரோல் காக், அதையும் பாருங்கள். டியூபைக் கழற்றிப் பாட்டிலில் பிடித்தால் நிமிடத்துக்கு ஒரு டம்ளராவது வர வேண்டும். அறுபதில் போகும்போது, லிட்டருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் என்று வைத்தாலும், நிமிடத்துக்குச் செலவாவது 40 மில்லிதான். ஒரு டம்ளர் வந்தால் தாராளம். சொட்டுச் சொட்டாக வந்தால் காக்கின் ஃபில்டரில் டேங்க் துரு உட்கார்ந்திருக்கிறது. நம் பக்கத்து உப்புக் காற்றில் நின்ற டேங்கில் துரு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கரண்டு பக்கம் சுருக்கமாக: பிளக்கில் பொறி விழவைக்கிற சுவிட்சான பாயிண்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். புது பாயிண்டின் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து இடைவெளி சுருங்கும். சுருங்கினால் டைமிங், அதாவது பொறி விழுகிற நேரம், பின்தங்கி, வண்டி சூடேறி, இழுவை போகும். போன வருடம் போட்ட பாயிண்டை அதன்பிறகு யாராவது பார்த்தார்களா? சூடானால் மட்டும் கெடுகிற இன்னொரு சாமான் இக்னிஷன் காயில். வண்டி சோர்ந்த இடத்திலேயே பிளக்கைக் கழற்றி, ஹெட் உலோகத்தில் படும்படி வைத்து, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளியே பிடித்து, கிக் அடித்துப் பாருங்கள். நீல நிறத்தில் சுளீரென்று அடித்தால் காயில் நலம். மஞ்சளாக மெலிந்து வந்தால் சந்தேகப்படுங்கள்.

பிளக்கைக் கையில் எடுத்ததும் அதன் நிறத்தையும் பார்த்துவிடுங்கள். முழு ஆக்சிலேட்டரில் ஓடவிட்டு, கிளட்சைப் பிடித்து, அந்தக் கணமே சாவியை அணைத்து நிறுத்திப் பார்க்கிற நிறம்தான் உண்மையான நிறம். வீடு வரை மெதுவாக ஓட்டி வந்து கழற்றினால் வீதியின் நிறம்தான் தெரியும். வறுத்த காப்பிக்கொட்டை நிறம் இருந்தால் சரி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் கலவை மெலிவு, நான் சொன்ன காற்றுக் கசிவு. உங்கள் பிளக் வெளுத்துத்தான் இருக்கும் என்று இங்கே உட்கார்ந்தே பந்தயம் கட்டுவேன்.

எல்லாம் முடிந்தபிறகும் போர் மேல் சந்தேகம் இருந்தால், பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுக் கம்ப்ரெஷன் பாருங்கள். ஆயில் விடும் முன்பும் பின்பும் கேஜில் பெரிய வித்தியாசம் இருந்தால் ரிங் அல்லது போர். வித்தியாசம் இல்லையென்றால் ரீபோர் காசு பையிலேயே இருக்கட்டும். இன்னொன்று: இந்த வண்டிக்கு இனி ஒவ்வொரு போரும் கடைசிப் போருக்கு ஒரு படி பக்கம். யெஸ்டி செய்த மைசூர் தொழிற்சாலை 1996-இலேயே மூடிவிட்டது. சிலிண்டர் சுவரில் தேவையில்லாமல் வெட்டி எடுத்த இரும்பு திரும்பி வராது. அப்பா வண்டி என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம். "அண்ணே, இரண்டு சீலையும் மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். சீல் வாங்கும்போது பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதைச் சொல்லி, அதைத் தாங்குகிற ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்டாக் சீல் பாக்கெட்டிலேயே காய்ந்திருக்கும். உதட்டை விரலால் மடக்கிப் பார்த்து, வெடிப்புக் கோடு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தண்டில் ஏற்றும் முன் உதட்டில் ஒரு சொட்டு 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கிற ஆயில்) தடவச் சொல்லுங்கள். காய்ந்த உதட்டோடு ஏற்றினால் முதல் உதையிலேயே கிழியும்.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர்: என்னிடம் பழைய ஜாவா இருக்கிறது. இன்ஜினுக்கு நல்லது என்று பெட்ரோலில் 2டி ஆயிலைக் கூடவே ஊற்றுகிறேன். ஆனால் இழுவை குறைவாக இருக்கிறது. இப்போதைய எத்தனால் பெட்ரோலால் இருக்குமோ?

பதில்: இரண்டும் காரணமாக இருக்கலாம், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவும் செய்யும்.

முதலில் ஆயில். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடுகிற சிறு துளையான ஜெட் வழியாகப் போகிற திரவத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அதில் ஆயில் பங்கு கூடினால் பெட்ரோல் பங்கு குறையும். கூடுதல் ஆயில் ஊற்றுகிறவர் தெரியாமலே கலவையை மெலிய வைக்கிறார், கூடவே கரியும் சேர்கிறது. நல்ல 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் போர் ஓட்டத்தில் 40. மருந்து பாட்டில் மூடியில் அளந்து ஊற்றுங்கள், கண்ணளவு வேண்டாம்.

அடுத்து எத்தனால். 2025-இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற சக்தி, பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எரிவதற்குத் தேவைப்படும் காற்றும் குறைவு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டுமென்றால் எத்தனாலுக்கு 9 பங்கு போதும். பழைய பெட்ரோலுக்காக வைத்த ஜெட்டில் இது ஓடும்போது கலவை மெலிந்துதான் இருக்கும். பிளக் வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிப் பாருங்கள். அதற்கு முன் காற்றுக் கசிவு இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். கசிவை ஜெட்டால் மூடப் பார்த்தால் பாலூரில் அந்த முந்திரி வியாபாரிக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

முதுநகரில் இருப்பதால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். துறைமுகக் காற்றில், பாதி காலியான டேங்கோடு மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் போதுமான தண்ணீர் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோலும் 2டி ஆயிலும் மேலே நிற்கும். காக் உறிஞ்சுவது அடியிலிருந்து. ஆயிலே இல்லாத திரவத்தை இன்ஜினுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். காக்கிலிருந்து கண்ணாடி பாட்டிலில் கால் லிட்டர் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் கோடு போட்ட மாதிரி இரண்டு அடுக்கு தெரிந்தால் டேங்கை முழுக்கக் காலி செய்யுங்கள். மழைக்காலத்தில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் கார்பரேட்டர் கிண்ணத்தை ஓடவிட்டுக் காலி செய்து, டேங்கையும் வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, மாமாவின் ஆர்எக்ஸ் 100. மேலே சுற்றினால் பறக்கிறது. ஆனால் சிக்னலில் இருந்து கிளம்பும்போது அடைத்து அடைத்து வருகிறது, கார்பரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் திவலை தெறிக்கிறது. ஜெட் மாற்றியும் சரியாகவில்லை.

பதில்: ஜெட்டைப் பழையதே போட்டுவிடுங்கள். ஆர்எக்ஸில் கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ரீட் வால்வு இருக்கிறது. மெல்லிய தகடுகள், உள்ளே போகும் கலவைக்குத் திறந்து, திரும்பி வருவதை அடைக்க வேண்டியவை. ஓரம் சிலும்பியிருந்தாலோ மடிந்திருந்தாலோ கீழ் வேகத்தில் கலவை திரும்பிக் கார்பரேட்டர் வழியாகத் துப்பும். வேகம் கூடினால் காற்றின் ஓட்டமே அதை மறைத்துவிடும். நீங்கள் சொன்ன அடையாளம் அதுதான்.

நாலு போல்ட்டைக் கழற்றி ரீட் கூட்டை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தகடு அமர்ந்திருக்கிற ஓரத்தில் வெளிச்சக் கீற்று தெரியக்கூடாது. தகட்டின் மூலையில் துண்டு உடைந்திருந்தால், அந்தத் துண்டு எங்கே போனது என்று தெரியும்வரை வண்டியை உதைக்காதீர்கள், அது இன்ஜினுக்குள் போயிருக்கும். மாமாவிடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்ஜினுக்குத் தானாக ஆயில் ஊட்டுகிற ஆட்டோலூப் பம்பு வேலை செய்கிறதா, அல்லது கழற்றிவிட்டு டேங்கில் ஆயில் கலக்கிறாரா? இரண்டும் இல்லாமல் இடைப்பட்ட காலத்தில் கைமாறிய ஆர்எக்ஸ் பல ஜாமாகியிருக்கின்றன.

வில்லியனூரிலிருந்து ஒரு வாசகி: தாத்தாவின் டிவிஎஸ் 50 வீட்டில் இருக்கிறது. முப்பதுக்கு மேல் போவதில்லை. பக்கத்துக் கடையில் சைலன்சரை அடுப்பில் போட்டுச் சுட்டால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா? நானே செய்யலாமா?

பதில்: உண்மைதான் அம்மா. மொபெட்டுக்குச் சைலன்சர் கரிதான் முதல் காரணம். கரியைச் சுட்டு எரிப்பது ஊரெங்கும் நடக்கிற பழக்கம். ஆனால் சமையல் அடுப்பில் வேண்டாம். உள்ளே ஆயில் ஊறியிருக்கும், திடீரென்று தீப்பிடித்துக் கரும்புகை கக்கும். திறந்தவெளியில், வீட்டிலிருந்து தள்ளி, விறகு மூட்டத்தில் வையுங்கள். புகை நின்று உள்ளே செந்தணல் மாதிரி தெரிந்தால் எரிந்து முடிந்தது. தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறியபின் கட்டையால் தட்டினால் கரி பொடியாகக் கொட்டும். குரோம் பளபளப்பு போய்விடும், அதற்கு வருத்தப்படுவதாக இருந்தால் மேலே சொன்ன காஸ்டிக் சோடா வழி.

சுடுவதற்கு முன் ஒரு வேலை. வண்டியை ஸ்டாண்டு போட்டு இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். நாலைந்து சுற்று தாராளமாக ஓடவில்லையென்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சைலன்சரைச் சுட்டு என்ன செய்வது? வில்லியனூரில் மேடு இல்லை. கடலூர்ப் பக்கம் வந்தால் கேப்பர் மலை ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சத்தமும் சேர்ந்து அமுங்கினால் மூச்சுத்தான் அடைத்திருக்கிறது, சைலன்சரைக் கழற்றலாம்.